கழற்றி வைத்த காப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி கிடக்கிறது. எடை பதினொன்றரை கிராம். நடுவில் ஒரு சிறு தகடு. தகட்டின் மேற்புறத்தில் எட்டு இதழ்த் தாமரை, அடிப்புறத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தாக மூன்று வரிகள். என் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு என்பதும், அது உயிருக்கே ஆபத்தானது என்பதும், என் கைப்பேசி எண்ணும் அந்த மூன்று வரிகளில் இருக்கின்றன. அதைச் செய்யக் கொடுத்தவன் நான். தாமரையை மேலே போடுங்கள், எழுத்தைக் கீழே போடுங்கள் என்று பத்தரிடம் சொன்னவனும் நான்தான். இரண்டு ஆண்டுகளாக அந்தச் சங்கிலியை உருக்கவும் மனம் வரவில்லை, வெளியே எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அடையாள அணி போட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால், கட்டாயம் போட்டுவிடுங்கள் என்று உடனே சொல்கிறேன். அதற்குமேல் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுகிறேன். அப்படி மாற்றிய பேச்சுகள் சேர்ந்துகொண்டே போவதால் இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்களுடையது திண்டிவனத்துக்கு மேற்கே மல்லாட்டை பயிரிடும் குடும்பம். மணிலாக்கொட்டை வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆன வட்டாரம் அது. சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்பதும், வேறு ஊர்களில் நிலக்கடலை, கடலைக்காய் என்பதும், இலங்கையில் கச்சான் என்பதும் எங்களுக்கு மல்லாட்டைதான். அப்பா விதைத்த ரகம் டி.எம்.வி. 7. அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த விதை. அக்காவின் திருமணமும் என் கல்லூரிப் படிப்பும் அந்தக் கொட்டையில் நடந்தவை. அந்த வீட்டுப் பேத்திக்கு அது ஆகாது என்று மருத்துவர் சொன்னபோது, அம்மா அதை நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலத்தின்மேல் விழுந்த பழியாக எடுத்துக்கொண்டார். "மண்ணுல வெளையறது புள்ளைக்கு எப்படிடா ஆவாம போவும்?" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கடலை உருண்டையை உடைத்து, விரல் நுனியளவு குழந்தையின் வாயில் வைத்தவர் அவர்தான் என்பதால் அந்தக் கேள்வியில் வேறொரு வலியும் இருந்தது. அப்போது மகளுக்கு ஒன்றரை வயது. உதடு தடித்து, உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, இரண்டு முறை வாந்தி எடுத்துத் துவண்டுபோனாள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமை எதிர்ப்புப்பொருளின் அளவும் பின்னர் அதையே உறுதி செய்தன.

கடலைக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பது அதுவரை எனக்கு வெறும் சுவாரசியம். அதன் பிறகு அது எங்கள் அன்றாடக் கவலையாகிவிட்டது. ஓட்டலில் "சட்னியில் கடலை இருக்கிறதா?" என்று கேட்டால், பரிமாறுபவர் பொட்டுக்கடலையை நினைத்து "இருக்கு" என்பார், பொட்டுக்கடலை வேறு, கொண்டைக்கடலையிலிருந்து வருவது, அது அவளுக்கு ஒன்றும் செய்யாது. இன்னொருவர் கடலை மாவை நினைத்து "இல்லை" என்பார். ஆனால் தேங்காயின் அளவைக் குறைத்து, வறுத்த வேர்க்கடலையைச் சேர்த்து அரைத்திருப்பார்கள். பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களில் பெயர்க் குழப்பம் சற்றுக் குறைவு. 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் நிலக்கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்களை உறையில் தனியே அறிவிக்க வேண்டும் என்கின்றன. அந்த வரியைத் தேடிப் படிப்பதற்கு மகள் ஏழு வயதிலேயே பழகிவிட்டாள். ஆனால் நம் ஊரில் குழந்தை சாப்பிடுவதில் எத்தனை பங்கு உறைக்குள் வருகிறது? கோயில் புளியோதரைக்கு உறை இல்லை. பந்தி இலைக்கு உறை இல்லை. மரச்செக்கு எண்ணெய்தான் உடம்புக்கு நல்லது என்று ஊரே திரும்பிய பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. நன்கு சுத்திகரித்த கடலையெண்ணெயில் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டி அப்படியே வடித்த எண்ணெயில் அது தங்கிவிடும், ஒவ்வாமையைத் தூண்டுவதும் அந்தப் புரதம்தான். உறவினர் வீடுகளில் எங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் எடுத்து வைத்ததெல்லாம் செக்கெண்ணெயில் பொரித்த பலகாரம்.

மருத்துவர் எங்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். முதலாவது ஊசி. வெளிநாட்டுப் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் தானியங்கி அட்ரினலின் பேனா எங்களுக்கு எளிதில் கிடைப்பதாக இல்லை. ஆகவே ஒரு மில்லி கண்ணாடிக் குப்பிகள் இரண்டு, மெல்லிய சிரிஞ்சுகள் இரண்டு, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று எழுதிய அட்டை ஆகியவற்றை ஒரு சிறிய டப்பாவில் போட்டுக் கொடுத்தார். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள். குப்பியின் கழுத்தை ஒடித்து மருந்தை இழுப்பதற்கு முதல் நாள் எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று, கையும் கிழிந்தது. காலாவதியான குப்பிகளை வைத்து, ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்தித்தான் அதை ஒரு நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம். அவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள் என்று அவர் மூன்று முறை சொன்னார். ஒவ்வாமை மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் அடக்குமே தவிர, மூச்சுக்குழாயின் இறுக்கத்தையும் சரியும் ரத்த அழுத்தத்தையும் அது நிறுத்தாது, அட்ரினலின்தான் நிறுத்தும். அவளை எழுப்பி நடக்க விடாதீர்கள், படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வையுங்கள், ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. இவையெல்லாம் அந்த அட்டையிலும் இருந்தன.

இரண்டாவது, நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு அவள் கையில் ஏதாவது எழுதிப் போடுங்கள் என்றார். அங்கேதான் நாங்கள் சறுக்கினோம்.

தாமரை மேலே, எழுத்து கீழே

முதலில் ஒரு சிவப்பு ரப்பர் பட்டை வாங்கினோம். அதைப் பார்த்த அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், "பொட்டப் புள்ள கையில வியாதிய எழுதி மாட்டுவாங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டவனுக்குள்ளும் அதே கேள்வி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். மகளுக்குப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் விழுந்திருந்தது. பிறந்தநாள் கேக் வரும்போதெல்லாம் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். அவள் கையில் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது, ஆனால் தேவைப்படும்போது தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. பத்தர் வேலைத்திறம் மிக்கவர். தகட்டைத் திருப்பிப் பார்த்தாலொழிய எழுத்து இருப்பதே தெரியாது. அம்மாவுக்குப் பிடித்திருந்தது. மகளுக்கும் பிடித்திருந்தது, தோழிகள் அழகாயிருக்கிறது என்றார்களாம். எனக்கோ இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்திவிட்ட பெருமை.

நம் மொழியில் காப்பு என்றால் பாதுகாப்பு, காப்பு என்றால் வளையம். பிள்ளைகளுக்குத் தீங்கு வராமலிருக்கத் திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் சிறு உருவாக வார்த்து ஐம்படைத்தாலி கட்டிய பழைய வழக்கம் நமக்கு உண்டு. அரைஞாண், தாயத்து, மந்திரித்த கயிறு, பிள்ளையின் மணிக்கட்டில் கறுப்பு வளையல் என்று இன்றும் கட்டுகிறோம். இந்த மரபில் வெள்ளிக் காப்பும் இயல்பாகப் பொருந்திவிடும் என்று அப்போது நண்பர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். பொருந்தத்தான் செய்தது. அந்தப் பொருத்தம்தான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது. தாயத்தை யாரும் திறந்து படிப்பதில்லை. மணிக்கட்டில் கட்டியிருப்பது இந்தக் கோயில் கயிறா, அந்தத் தர்காவில் ஓதியதா என்று கேட்பதுகூட நமக்கு மரியாதைக் குறைவு. கட்டியவருக்கும் தெய்வத்துக்கும் இடையிலான விவகாரம் என்று பார்வையை விலக்கிக்கொள்வோம். பிறர் படிக்க வேண்டிய ஒன்றை, யாரும் படிக்கக் கூடாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

ஆடி மாதம்

மகளுக்கு ஒன்பது வயதான ஆண்டு, ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஆடி என்பது மானாவாரி விதைப்புக்கு மல்லாட்டை உடைக்கும் காலமும்கூட. திண்ணைதோறும் பெண்கள் உட்கார்ந்து விதைப்பருப்பு உடைப்பார்கள். தெருவெல்லாம் தொலி பறக்கும். அதற்காகவே எங்கள் வீட்டு வேலையை அம்மா முந்தின வாரமே முடித்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார். மகளுக்கு எல்லாச் சாப்பாடும் அம்மாவின் அடுப்பில்தான் என்பது ஏற்பாடு. காப்புக் கட்டிய பிள்ளைகள் எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. அவள் கையில் மஞ்சள் கயிறும் வெள்ளிச் சங்கிலியும் ஒன்றாக இருந்தன.

காலை ஒன்பதரை மணிக்கு நானும் மனைவியும் பூவும் பூசைச் சாமானும் வாங்கத் திண்டிவனம் புறப்பட்டோம். ஒன்றரை மணி நேர வேலை. மருந்து டப்பா காரில் இருந்த பையிலேயே இருந்தது. இறக்கி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சொந்த ஊர், சொந்த வீடு, எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. நாங்கள் போன பிறகு மகள் பங்காளி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருக்கிறாள். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இட்லி வைத்திருக்கிறார்கள். அவள் கேட்காமல் சாப்பிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்னியைக் காட்டி, "பெரியம்மா, இதுல பீனட் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். பள்ளியில் அப்படித்தான் கேட்கப் பழக்கியிருந்தோம். உறைகளில் அவள் தேடிப் படிக்கும் சொல்லும் அதுதான். அண்ணிக்குப் புரியவில்லை. ஏதோ மசாலாப் பெயர் என்று நினைத்து, "அதெல்லாம் இல்லடா கண்ணு, தேங்கா சட்னிதான்" என்றிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அறுபது பேருக்குத் தேங்காய் போதவில்லை என்று, உடைத்ததில் மீந்த மல்லாட்டையை வறுத்து ஒரு கைப்பிடி சேர்த்து அரைத்திருந்தார் அண்ணி.

பத்து நிமிடத்தில் வாய் நமைச்சல், வயிற்று வலி, வாந்தி. தோலில் எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தடிப்பு வரவில்லை. பத்தில் ஒன்றிரண்டு தீவிர ஒவ்வாமைகள் தோலில் அடையாளமே காட்டாமல் வரும் என்பது எங்கள் அட்டையிலும் இருந்தது, அட்டை காரில் இருந்தது. அக்காதான் முதலில் பார்த்தார். அவருக்கு ஒவ்வாமை பற்றி நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளை தின்றது இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்று தெரிந்த பிறகு மல்லாட்டையின் நினைப்பு அவருக்கு எப்படி வரும்? வெயில், பித்தம், வெறும் வயிற்றில் குடித்த கூழ் என்றுதான் நினைத்தார். பம்பை உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே என்னை இரண்டு முறை அழைத்திருக்கிறார், கிடைக்கவில்லை. மகள் துவளத் தொடங்கியதும் தாமதிக்காமல் அக்கா மகனின் வண்டியில் நடுவே உட்கார வைத்துப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அவரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

சிறிய மருத்துவமனை. திருவிழாக் காலம், வாந்தி பேதியோடு முந்தின இரவே நான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பணியில் இருந்த செவிலிப்பெண், எல்லா இடத்திலும் சொல்வதைப்போல, "நகை எல்லாத்தையும் கழட்டி வெச்சிக்குங்கம்மா, காணாப் போனா நாங்க பொறுப்பில்ல" என்றார். அக்கா, எந்தப் பொறுப்பான பெண்ணும் செய்வதைச் செய்தார். காதில் இருந்த தோட்டைக் கழற்றினார், கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார், கையில் இருந்த வெள்ளியையும் கழற்றி, மூன்றையும் சேர்த்துப் புடவை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். மஞ்சள் கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை, அதற்கு விலை இல்லை. பிறகு மருத்துவர் வந்தார். என்ன சாப்பிட்டாள்? கூழ், இட்லி. வாந்தியை நிறுத்த ஊசி, கையில் குளுக்கோஸ்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. கட்டிலில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்து "அப்பா" என்றாள். அந்தக் குரல் அவளுடையது அல்ல. தொண்டை இறுகிக் கரகரத்து, அடிக்குரலில் வந்தது. கீழுதடு தடித்திருந்தது. மனைவி டப்பாவைத் திறப்பதற்குள் நான் மருத்துவரைப் பார்த்து, கத்தினேனா கெஞ்சினேனா தெரியாது, மல்லாட்டை ஒவ்வாமை, அட்ரினலின் என்று இரண்டையும் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட வாதாடவில்லை. அவசர மருந்துத் தட்டிலிருந்து அவரே குப்பியை ஒடித்தார். இருபத்து நான்கு கிலோ. கால் மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஏழெட்டு நிமிடத்தில் நிறம் திரும்பியது, பதினைந்தாவது நிமிடத்தில் குரலும் அவளுடையதாயிற்று. அடங்கியது மறுபடி எழும்பக்கூடும் என்று அன்று இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள்.

மாலையில் மருத்துவர் வராந்தாவில் என்னை உட்கார வைத்துப் பேசினார். இளைஞர், முகம் வெளுத்திருந்தது. "சார், இப்படி இருக்கிற குழந்தைக்குக் கையிலோ கழுத்திலோ ஏதாவது போட்டிருந்தால் நான் பார்த்த உடனே தெரிந்திருக்கும். அடுத்த முறை கட்டாயம் போட்டுவிடுங்கள்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றிருந்த அக்கா இடுப்பிலிருந்து முந்தியை உருவினார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். தோடு, கழுத்துச் சங்கிலி, தாமரை போட்ட வெள்ளி. மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்து, "எல்லாம் பத்திரமா இருக்குப்பா, எண்ணிப் பாத்துக்க" என்றார். அவருடைய உடம்புச் சூடு அந்த வெள்ளியில் இருந்தது. மருத்துவர் அதை எடுத்துத் திருப்பினார், கண்ணுக்கருகே கொண்டுபோய் மூன்று வரிகளையும் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. அது என்ன என்று அவருக்கு நான் ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காப்பா, நகையா

அடையாளக் காப்பு என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவின் டர்லாக் என்ற சிற்றூரில், 1953ஆம் ஆண்டு, லிண்டா காலின்ஸ் என்ற பதினான்கு வயதுப் பெண்ணின் விரலில் வெட்டுப்பட்டது. டெட்டனசுக்கான எதிர்ச்சீரத்தைச் சோதனைக்காகத் துளி அளவு செலுத்தியதற்கே அவளுக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டு, சாவின் விளிம்புவரை போய் மீண்டாள். தந்தை மரியன் காலின்ஸ் மருத்துவர். தாம் அருகில் இல்லாத இடத்தில் இன்னொரு மருத்துவர் தெரியாமல் அதே ஊசியைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில், விவரத்தைப் பொறித்து மகளுக்கு வெள்ளியில் ஒரு கைச்சங்கிலி செய்து போட்டார். 1956இல் அவரும் மனைவி கிறிஸியும் அதையே ஓர் அறக்கட்டளையாக்கினார்கள். மெடிக் அலர்ட் என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் இன்று தெரிவது அதுதான்.

அவர்களுடையதும் வெள்ளிதான் என்று படித்தபோது எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. என் தவறு உலோகத்தில்தான் இருக்கிறது என்று அதுவரை முடிவு கட்டியிருந்தேன். ஆனால் காலின்ஸ் குடும்பம் செய்தது வெறும் சங்கிலி அல்ல. கோலில் சுற்றிய பாம்புச் சின்னத்தை முகப்பில் போட்டு, பின்னால் ஓர் எண்ணைப் பொறித்து, அந்த எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் எடுப்பதற்கு ஆளையும் வைத்து, சின்னத்தைக் கண்டால் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று பல பத்தாண்டுகள் ஊரையும் பழக்கினார்கள். நானோ மேலே தாமரையைப் போட்டேன். பின்னால் என் கைப்பேசி எண், அன்றைக்கு அது அகப்படவில்லை. அதோடு, வெள்ளிக்கும் பொன்னுக்கும் நம் வீடுகளில் இருக்கும் மதிப்பு வேறு. ஆபத்து என்றால் முதலில் நகையைக் கழற்றிப் பத்திரப்படுத்துவோம். பிரசவ அறை, அறுவை அறை, விபத்து, சாவு என்று எங்கும் ஒரு பெண்மணி முந்தியில் முடிந்துகொண்டு நிற்பார். அது பேராசை அல்ல, பொறுப்பு. உயிர் காக்கும் செய்தியை நகையாக்கினால் அது அந்த முடிச்சுக்குள்தான் போகும். அதை அக்கா நாளும் பார்க்கிறார், மருத்துவமனையும் பார்க்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே எஃகு என்று தீர்மானித்தோம். கைப்பேசியில் மருத்துவ விவரம் பதியலாம், கியூஆர் கட்டம் பொறித்த பட்டை வாங்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கைப்பேசி இல்லை. கட்டத்தைப் படிக்க எடுப்பவரிடம் இணையம் இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, படிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். கண்ணால் படிக்கும் எழுத்துதான் வேண்டும். பாரிமுனைப் பக்கம் கேடயமும் பெயர்ப்பலகையும் செய்யும் ஒரு சிறு கடையில் லேசரில் பொறித்துத் தருவார்கள் என்று தெரிந்து போனேன். அளவைக் கேட்டுக்கொண்ட கடைக்காரர் இயல்பாக, "நாய்க்கா சார்?" என்றார். மகள் பக்கத்தில் நின்றாள். சிரித்தவள் அவள்தான்.

என்ன எழுதுவது என்பதற்கு மூன்று வாரம் ஆயிற்று. விரலகலத் தகட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு வரிகள் கொள்ளும். ஒரு பக்கம் மருத்துவருக்காக ஆங்கிலம், அதில் சிக்கல் இல்லை. மறுபக்கம் தமிழ். யாருக்கான தமிழ்? நிலக்கடலை என்று போட்டால் பாடப்புத்தகம் படித்தவர்களுக்குப் புரியும். வேர்க்கடலை என்றால் சென்னைக்குச் சரி. கடலை என்று மட்டும் போட்டால் பொட்டுக்கடலையில் போய் நிற்கும். மனைவி, ஒவ்வாமை என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்றாள். ஒவ்வாமை என்றால் சிலருக்குத் தும்மல், சிலருக்குத் தோல் அரிப்பு, ஆகவே யாரும் ஓட மாட்டார்கள். "ஒத்துக்காது" என்பதற்கு அதைவிடக் குறைந்த எடை. கத்தரிக்காய்கூடப் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நான் மல்லாட்டை என்று எழுத வேண்டும் என்றேன். நாங்கள் குடியிருப்பது சென்னை, ஊருக்குப் போவது ஆண்டில் நான்கு முறை, எழுத்துக்கு இடம் இல்லை என்றெல்லாம் வாதம் நடந்தது. அந்த நான்கு முறையில் ஒரு முறைதான் அவள் போகப் பார்த்தாள் என்றதும் வாதம் நின்றது. கடைசியில் பொறித்தது இது: "வேர்க்கடலை (மல்லாட்டை) தின்றால் உயிருக்கு ஆபத்து. தொடையில் அட்ரினலின் ஊசி. பை தோளில். 108." என் எண்ணுக்கு இடமில்லை, ஆங்கிலப் பக்கத்தின் கடைசி வரிக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் வண்டியின் எண் என்னைவிட நம்பகமானது.

"பை தோளில்" என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொன்னது மகள். டப்பா எங்களிடம் இருப்பதில் பொருளில்லை, என்னிடம்தான் இருக்க வேண்டும் என்றாள். அட்ரினலின் வெயில் தாங்காது, உறைநிலைக்கும் போகக் கூடாது. நிறுத்திய காரில் அது எத்தனை முறை வெந்திருக்கும் என்று நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. வெப்பம் தடுக்கும் உறையோடு ஒரு சிறு தோள்பை தைத்துக் கொடுத்தோம். ஊரில் அக்காவும் அக்கா மகனும் அண்ணியும் ஆளுக்கொரு ஆரஞ்சில் குத்திப் பழகினார்கள். அண்ணி அழுதுகொண்டே குத்தினார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மல்லாட்டையைத் தொட்ட கையைச் சும்மா நீரில் அலம்பினால் போகாது, கைகழுவும் திரவத் துளிகளைத் தேய்த்தாலும் போகாது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்பதை அம்மா இப்போது மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார்.

அந்த எஃகுத் தகடு அழகாயில்லை. சட்டைக் கையில் சிக்குகிறது. பள்ளியில் பார்ப்பவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள், சிலர் உரக்கப் படிக்கிறார்கள். ஒரு மாதம் அவள் அதைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு போனாள் என்று ஆசிரியை சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. தாமரைக்கு அடியில் மறைத்தவன் கேட்பதற்கு என்ன இருக்கிறது. பிறகு அவளாகவே வெளியே விட்டாள்.

சென்ற ஆடியில் மறுபடி ஊருக்குப் போனோம். காப்புக் கட்டும்போது பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசைக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, பழக்கத் தோஷத்தில், "கூட்டமா இருக்கு, அந்தத் தகட்ட கழட்டிக் குடு கண்ணு, எங்கயாவது விழுந்துடும்" என்றவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "விழுந்தா விழட்டும் அத்த, நூத்தம்பது ரூவாதான்" என்றாள் மகள். பூசாரி அவள் முறை வந்ததும் வலது கையைப் பிடித்தார், தகடு தட்டுப்பட்டது. மஞ்சள் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படித்தார். மல்லாட்டை என்ற இடத்தில் நிறுத்தி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த வரிகளுக்கு இறங்கி, "பை தோளில்" வரை வந்து, கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எந்தத் தோளும்மா?" என்றார். அவள் திரும்பிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, இடது கையை நீட்டச் சொல்லிக் கயிற்றைக் கட்டினார்.